வெளிச்சம் குறைந்த இடத்தில் லென்ஸா, கேமராவா?

குறைந்த வெளிச்சத்தில் படமெடுக்கக் கேமரா தேடுகிறவரிடம் கடைக்காரர் முதலில் சொல்வது ஐஎஸ்ஓ எண்ணைத்தான். 51,200 வரை போகும், 1,02,400 வரை போகும், நிலா வெளிச்சமே போதும் என்பார். அனுபவப்பட்ட நண்பரைக் கேட்டால், பாடி எதுவானாலும் பரவாயில்லை, நல்ல லென்ஸாக வாங்கு என்பார். எதில் எடுத்தால் என்ன, படத்தில் மணல்போல் விழும் நாய்ஸை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பது இளையவர்களின் பதில். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எடுக்கப்போகும் ஆள் அசைகிறாரா, அசையாமல் இருக்கிறாரா என்று கேட்காமல் சொல்லும் எந்தப் பதிலும் பாதிப் பதில்தான். இதைக் கேட்டுவிட்டால் பணத்தை எதில் போடுவது என்பது பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு மெழுகுவத்திக்கு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் முகத்தில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 1 லக்ஸ். நடுப்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ். கண் இரண்டுக்கும் பழகிக்கொள்கிறது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. மெழுகுவத்தி முகத்தை ஐஎஸ்ஓ 6400-ல், எஃப் 1.4 லென்ஸில் எடுத்தால் ஷட்டர் 1/13 நொடி திறந்திருக்க வேண்டும். எஃப் 4 லென்ஸ் என்றால் அரை நொடிக்கும் மேல். அமைதியாக உட்கார்ந்திருக்கும் பாட்டியை 1/13 நொடியில் எடுத்துவிடலாம். மடியிலிருக்கும் பேரக்குழந்தையை எடுக்க முடியாது.

மேடைக்கு வருவோம். காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத்தில் இரவு முழுக்க ஆடும் தெருக்கூத்து ஒரு காலத்தில் தீவட்டியிலும், பிறகு பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் நடந்தது. இன்று டியூப் லைட்டும் எல்இடி ஃபோகஸும் இருக்கின்றன. களத்தில் 160 லக்ஸ் விழுவதாக வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 3200 வைத்து, கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் அபெர்ச்சர், அதாவது திறப்பு, எஃப் 5.6; கிடைக்கும் வேகம் 1/60 நொடி. அதே இடத்தில் ஜூம் இல்லாத எஃப் 1.8 பிரைம் லென்ஸ் தருவது 1/600 நொடி. கட்டியங்காரன் நின்று பேசும்போது 1/60 போதும். கிரீடமும் புஜக்கட்டையுமாக வேஷக்காரர் சுழன்று ஆடும்போது 1/60-ல் கிடைப்பது நிறக்கோடுகள். 1/600-ல் அவருடைய கண் கிடைக்கும். பத்து மடங்கு வித்தியாசம். ஒளி இரட்டிப்பாவதை ஒரு ஸ்டாப் என்று சொல்லும் கணக்கில் இது மூன்று ஸ்டாப்புக்கும் மேல். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை மாற்றுவதால் கிடைப்பது எவ்வளவு என்று பிறகு பார்க்கும்போது தேவைப்படும்.

லென்ஸ்தான் முதலில் இருட்டைத் திறந்தது. 1924-ல் ஜெர்மனியின் எர்னமான் நிறுவனம் எர்மனாக்ஸ் என்ற சிறிய கேமராவைக் கொண்டுவந்தது. லுட்விக் பெர்ட்டலே என்ற இளம் வடிவமைப்பாளர் அதற்காகச் செய்த எர்னோஸ்டார் லென்ஸின் அபெர்ச்சர் எஃப் 2. விரைவிலேயே எஃப் 1.8 ஆனது. கண்ணால் பார்க்க முடிந்ததைப் படமாக்கலாம் என்ற பொருளில் அதை விளம்பரம் செய்தார்கள். சட்டம் படித்த எரிக் சாலமன் அந்தக் கேமராவைத் தொப்பிக்குள் மறைத்து பெர்லின் நீதிமன்றத்துக்குள் கொண்டுபோனார். நாடுகளின் சங்கத்தில் தலைவர்கள் கூடிப் பேசிய அறைகளுக்குள்ளும் நுழைந்தார். மெக்னீசியப் பொடி வெடித்து, புகை கிளம்பி, எல்லோரும் விறைத்து நின்ற படங்களையே பார்த்துப் பழகிய பத்திரிகை வாசகர்கள், சோர்ந்த முகத்துடன் நாற்காலியில் சாய்ந்திருக்கும் அமைச்சர்களை முதன்முறையாகப் பார்த்தார்கள். யூதரான சாலமன் 1944-ல் அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். இன்று செய்திப் படக்காரர்கள் ஃப்ளாஷ் இல்லாமல், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் எடுக்கும் முறை அவரிடமிருந்து வருகிறது. இப்படி அகலமாகத் திறக்கும் ஃபாஸ்ட் லென்ஸின் உண்மையான பயன் என்ன என்று யாராவது கேட்டால், பின்னணி மங்கலைக் காட்டாமல் சாலமனின் படங்களைத்தான் நான் காட்டுவேன்.

அதன் பிறகு நடந்தது ஒரு போட்டி. 1961-ல் கேனான் 50 மி.மீ. எஃப் 0.95 லென்ஸைக் கொண்டுவந்தது. 1966-ல் லைக்காவின் நாக்டிலக்ஸ் எஃப் 1.2 வந்தது. எல்லாவற்றையும் தாண்டியது அதே காலத்தில் ஸைஸ் நிறுவனம் செய்த பிளானார் 50 மி.மீ. எஃப் 0.7. மொத்தம் பத்துதான் செய்தார்கள். ஆறு நாசாவுக்குப் போயின, ஒன்றை ஸைஸ் வைத்துக்கொண்டது, மூன்றை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வாங்கினார். 1975-ல் வெளியான பாரி லிண்டன் படத்தில் மெழுகுவத்தி வெளிச்சக் காட்சிகளை எடுத்தது அந்த லென்ஸ்களால்தான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் லென்ஸோடு நிறுத்திவிடுவார்கள். அதைப் பயன்படுத்த என்ன பாடுபட்டார்கள் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. லென்ஸின் பின்பக்கக் கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகில் உட்கார வேண்டியிருந்ததால், மிட்செல் கேமராவின் உடலையே கடைந்து மாற்ற வேண்டியிருந்தது. ஃபிலிமைக் கழுவும்போது ஒரு ஸ்டாப் கூட்டினார்கள். அதுவும் போதாமல் மெழுகுவத்திகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒளியைத் திருப்பிவிடத் தகடுகளையும் வைத்தார்கள். ஃபோகஸ் ஆழமோ மிகச் சொற்பம். நடிகர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் போதும், முகம் மங்கிவிடும். அவருடைய தூரத்தைக் கண்காணிக்கப் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை வைத்துக்கொண்டு ஃபோகஸ் பார்த்தார்கள். நடிகர்களும் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயமே. ஆனால் உலகின் மிக வேகமான லென்ஸ்களில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டும் ஆட்களை அசையவிடாமல்தான் அந்தக் காட்சிகளை எடுக்க முடிந்திருக்கிறது.

அபெர்ச்சரை எவ்வளவு வேண்டுமானாலும் அகலமாக்கிக்கொண்டே போகலாம் என்று நினைப்பவர்களுக்கு அதனால்தான் ஃபோகஸ் ஆழத்தின் கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸால் இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பவரை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 13 செ.மீ. 85 மி.மீ. எஃப் 1.4 என்றால் நாலரை செ.மீ. மாத்திரமே. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கல். மணமகன் தெளிவாக இருந்தால் அரை அடி பின்னால் நிற்கும் மணமகள் மங்கல். திருமண ஆல்பத்தில் இதை யாரும் மன்னிக்க மாட்டார்கள். வெளிச்சத்துக்காக வாங்கிய லென்ஸை ஆழத்துக்காக எஃப் 2.8-க்கு மூடி வைத்தால், கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது எடை மட்டும்தான்.

எடை என்பதும் சின்ன விஷயமில்லை. கேனானின் ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம். அதே நிறுவனத்தின் எஃப் 1.2 லென்ஸ் 950 கிராம். விலை பத்து மடங்குக்கும் மேல். இரண்டுக்கும் இடையே ஒளியில் உள்ள வேறுபாடு ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும். நிக்கான் 2019-ல் வெளியிட்ட 58 மி.மீ. எஃப் 0.95 நாக்ட் இரண்டு கிலோ, அதிலும் ஆட்டோஃபோகஸ் கிடையாது. போதாததற்கு, எழுதியிருக்கும் எண் முழுவதும் சென்சாருக்குப் போய்ச் சேர்வதுமில்லை. கண்ணாடிகள் கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடுகின்றன. சினிமாக்காரர்கள் எஃப் எண்ணை விட்டுவிட்டு டி எண்ணைப் பார்ப்பது இதனால்தான். முழுக்கத் திறந்த நிலையில் படத்தின் மூலைகள் நடுப்பகுதியைவிட ஒரு ஸ்டாப்போ அதற்கும் மேலோ இருண்டிருக்கும். சரிந்து வரும் ஓரக் கதிர்களில் ஒரு பகுதி பிக்ஸல்களுக்குள் சரியாக விழுவதில்லை என்பதை 2010-ல் டிஎக்ஸ்ஓ ஆய்வகம் அளந்தே காட்டியது. எஃப் 1.2 லென்ஸ்கள் அழகான படங்களைத் தருகின்றன, அதில் சந்தேகமில்லை. வெளிச்சத்துக்காக மட்டும் வாங்குகிறவருக்கு எஃப் 1.8 போதும் என்பதே என் தீர்மானம். மிஞ்சிப்போனால் எஃப் 1.4.

இரவுப் படங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். படத்தின் ஓரத்தில் இருக்கும் தெருவிளக்கு, சீரியல் பல்பு, நட்சத்திரம் ஆகியவை மலிவான ஃபாஸ்ட் லென்ஸ்களில் சிறகு விரித்ததுபோல் இழுபட்டுத் தெரியும். இதற்கு கோமா என்று பெயர். 1977-ல் நிக்கான் செய்த 58 மி.மீ. எஃப் 1.2 நாக்ட் லென்ஸின் முன் கண்ணாடியை அஸ்ஃபெரிக்கல் வடிவில் கடைந்ததே இதைக் குறைக்கத்தான். கார்த்திகை தீபம், நகர இரவு, வானம் போன்றவற்றை எடுக்கிறவர் இதைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. ஆட்களை எடுக்கிறவருக்கு இது பெரிய கவலையில்லை.

இனி கேமரா. நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் விளம்பர எண்களின் மதிப்பும் தெரிந்துவிடும். அதில் பெரும்பங்கு சென்சாரின் குறையால் வருவதில்லை. ஒளியே ஒழுங்கற்று வருவதால் வருகிறது. 10,000 ஒளித்துகள்கள் வந்து சேரும் இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது ஒரு சதவீதம். 100 துகள்கள் மட்டும் வரும் இடத்தில் ஏற்ற இறக்கம் 10. அது பத்து சதவீதம். இருண்ட பகுதிகள் மணல் தூவியதுபோல் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் ஒரு துகள்கூட அதிகமாக வராது. வந்தது பெரிதாக்கிக் காட்டப்படும், அவ்வளவே. ஆகவே 4 லட்சம் ஐஎஸ்ஓ என்பது கேமரா எதுவரை பெருக்கிக் காட்டச் சம்மதிக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. எதுவரை படம் நன்றாக இருக்கும் என்பதைச் சொல்வதில்லை.

துகள்களைக் கூட்டச் சென்சாரின் பரப்பு உதவும். ஃபுல் ஃப்ரேம் 864 சதுர மி.மீ., ஏபிஎஸ்-சி சுமார் 370, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 225. ஒரே அபெர்ச்சரில் ஃபுல் ஃப்ரேமுக்கு ஏபிஎஸ்-சியைவிட ஒரு ஸ்டாப்பும் கொஞ்சமும் கூடுதலாகக் கிடைக்கும்; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிட இரண்டு ஸ்டாப். முன்பு சொன்ன கிட் லென்ஸுக்கும் பிரைம் லென்ஸுக்கும் இடையே இருந்த மூன்று ஸ்டாப்போடு இதை வைத்துப் பாருங்கள். கிட் லென்ஸை மாட்டிக்கொண்டே ஃபுல் ஃப்ரேமுக்கு மாறுகிறவர், பழைய ஏபிஎஸ்-சி பாடியிலேயே எஃப் 1.8 மாட்டுகிறவருக்குப் பின்னால்தான் நிற்பார்.

ஆனால் லென்ஸ் பக்கத்து ஆட்கள் வசதியாக மறக்கும் ஒரு கணக்கும் உண்டு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 25 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ் தரும் படம், நாய்ஸிலும் ஃபோகஸ் ஆழத்திலும், ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. எஃப் 2.4 தருவதற்குத்தான் சமம். ஃபுல் ஃப்ரேமின் விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 அதைவிட அதிக ஒளியைப் பிடித்துவிடும். சிறிய சென்சாருக்கு மிக வேகமான, மிக விலையுயர்ந்த லென்ஸ்களை வாங்கிக் குவிப்பவர் ஒரு கட்டத்துக்கு மேல் பெரிய சென்சாருக்கு மாறுவதே லாபம்.

புதிய மாடலுக்குக் காத்திருப்பது? 2007-ல் நிக்கான் டி3 வந்தபோது நடந்தது நிஜமான திருப்பம். ஐஎஸ்ஓ 6400-ல் பத்திரிகையில் அச்சிடத் தகுந்த வண்ணப் படம் கிடைத்தது. 1954 முதல் 35 மி.மீ. ட்ரை-எக்ஸ் ஃபிலிமை இரண்டு, மூன்று ஸ்டாப் இழுத்துக் கழுவி வாழ்ந்த தலைமுறைக்கு அது கனவு. அதன் பிறகு அதே அளவு சென்சார்களில் கூடியிருப்பது ஏறத்தாழ ஒரு ஸ்டாப். காரணம் எளிது. இன்றைய சென்சார்கள் தம்மிடம் வந்து சேரும் துகள்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே எண்ணிவிடுகின்றன. எல்லாவற்றையும் எண்ணினாலும் இன்னும் ஒரு ஸ்டாப்கூட மிஞ்சாது. ஐந்து, ஏழு ஆண்டுப் பழைய ஃபுல் ஃப்ரேம் பாடியைத் துணிந்து வாங்கலாம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். மெகாபிக்ஸல் குறைந்தால் இருட்டில் சிறப்பு என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் பழங்கதை. 2014-ல் வந்த சோனி ஏ7எஸ் 12 மெகாபிக்ஸலோடு வீடியோவில் சாதித்தது உண்மை. ஆனால் 24 அல்லது 45 மெகாபிக்ஸல் படத்தையும் அதே அளவுக்குச் சுருக்கி அச்சிட்டால், மிகக் கடுமையான இருட்டில் தவிர, வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம்.

புதிய கேமராக்கள் உண்மையில் முன்னேறியிருப்பது ஆட்டோஃபோகஸில். பழைய டிஎஸ்எல்ஆர்கள் இருட்டில் தடுமாறி லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டிருக்கும். மிரர்லெஸ் கேமரா சென்சாரிலேயே ஃபோகஸ் பார்க்கிறது. ஆகவே ஃபாஸ்ட் லென்ஸ் மாட்டினால் அதன் ஃபோகஸுக்கும் அந்த வெளிச்சம் கிடைக்கிறது. கேனான் ஆர்6 மைனஸ் 6.5 இவி என்ற கடும் இருட்டு வரை ஃபோகஸ் செய்யும் என்று சொல்வது எஃப் 1.2 லென்ஸ் மாட்டிய நிலையில்தான். எஃப் 5.6 மாட்டினால் அந்தத் திறன் அப்படியே இருக்காது. அசையும் ஆளின் கண்ணை இருட்டில் விடாமல் பிடிப்பதற்காகப் புதிய பாடி வாங்குகிறவரை நான் தடுக்க மாட்டேன்.

அசையாதவற்றுக்கு வந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். கோபுரம், கல் மண்டபம், இரவு வீதி, பழைய நூலகத்தின் உட்புறம் ஆகியவற்றுக்கு ட்ரைபாட் இருந்தால் கிட் லென்ஸே போதும். ஐஎஸ்ஓ 100-ல் பத்து நொடி திறந்து வைக்கலாம். ட்ரைபாட் அனுமதிக்காத இடங்களில் கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் கை நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அது தாங்குவது எடுப்பவரின் கையைத்தான், ஆடுபவரின் காலை இல்லை. ஐந்து ஸ்டாப், எட்டு ஸ்டாப் என்ற விளம்பரத்தை நம்பி நடனத்துக்குப் போகக் கூடாது.

கைபேசியின் வெற்றியும் அதே எல்லைக்குள்தான். கூகுள் 2018-ல் நைட் சைட் வசதியைக் கொண்டுவந்தபோது பலர் வியந்தார்கள். அது செய்வது பல ஃப்ரேம்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திச் சேர்ப்பது. நல்ல கைபேசியின் முதன்மைச் சென்சார் சுமார் 70 சதுர மி.மீ. தான், ஃபுல் ஃப்ரேமில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பன்னிரண்டு ஃப்ரேம்களைச் சேர்த்தால் அந்தக் குறை ஈடாகிவிடும், ஆனால் பன்னிரண்டு மடங்கு நேரம் போகும். அசையாத தெருவுக்கு அந்த நேரம் கிடைக்கிறது. ஓடிவரும் குழந்தை அந்த நேரத்தைத் தருவதில்லை.

படமெடுத்த பிறகு நாய்ஸை நீக்கும் மென்பொருள்கள் கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக முன்னேறியிருக்கின்றன. 2020-ல் டிஎக்ஸ்ஓவின் டீப் பிரைம், 2023-ல் அடோபி லைட்ரூமின் டீநாய்ஸ். ரா கோப்பாக எடுத்திருந்தால் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூடுதலாகக் கிடைத்ததுபோலவே தோன்றும். அவற்றைப் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை. இருந்தாலும் இல்லாத துகளை அவை ஊகித்தே நிரப்புகின்றன. கூத்துக்காரரின் அரிதார முகத்தில் பொட்டும் புள்ளியுமாக இருக்கும் வரைவை வழுவழுப்பாக்கிவிட்டால், ஒரு கலையின் ஆவணமே அங்கே அழிகிறது. வரிசையாகப் பத்துப் படங்களுக்கு ஒரே அளவு போடாமல் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் குறைத்துப் போடுவது நல்லது. நாய்ஸ் உள்ள படத்தைத் திருத்தலாம். அசைவால் கலைந்த படத்தில் திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. சந்தேகம் வந்தால் ஐஎஸ்ஓவைக் கூட்டி ஷட்டரைக் காப்பாற்றுங்கள்.

எல்இடி காலத்தின் தொல்லை தனி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஃபாஸ்ட் லென்ஸ் கொடுத்த 1/600 நொடியில் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் மங்கலாகவும் வரலாம். 1/100-ல் எடுத்தால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் அசைவு நிற்காது. பல கேமராக்களில் உள்ள ஆன்ட்டி-ஃப்ளிக்கர் வசதி விளக்கு உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் காத்திருந்து எடுக்கிறது. மேடை, திருமண மண்டபம் என்று எடுப்பவர் பழைய பாடி வாங்கும்போது இந்த ஒரு வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சபாக் கச்சேரிகளில் சத்தம் எழுப்பாத எலக்ட்ரானிக் ஷட்டர் பெரிய வரம். ஆனால் சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிக்கும் கேமராக்களில் அதே எல்இடி படத்தின் குறுக்கே பட்டைகளைப் போட்டுவிடும். கச்சேரிக்கு முந்தைய ஒலிச் சோதனையின்போதே இரண்டு படம் எடுத்துப் பார்த்துவிடலாம்.

வாங்கும் வரிசை என்று கேட்டால் என் பதில் இது. கையில் இருக்கும் பாடி எதுவாயினும் முதலில் ஒரு எஃப் 1.8 பிரைம். ஏபிஎஸ்-சி என்றால் 35 மி.மீ., ஃபுல் ஃப்ரேம் என்றால் 50. அதோடு ஒரு பருவம் முழுக்க எடுத்துப் பார்த்து, எட்டாத தூரம்தான் குறையென்றால் 85 எஃப் 1.8. நகர முடியாத இருக்கையிலிருந்து எடுப்பவருக்கு 70-200 எஃப் 2.8 தவிர வழியில்லை. ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோவரை சுமக்கத் தயாராக வேண்டும். நாய்ஸ்தான் குறையென்றால் அப்போது ஃபுல் ஃப்ரேம் பாடி, பழையதாக இருந்தாலும் சரி.

லென்ஸையும் பழையதாக வாங்குகிறவர்கள் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பூஞ்சையைப் பற்றிக் கவனமாக இருக்க வேண்டும். அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்புறமிருந்து டார்ச் அடித்து, கண்ணாடிகளுக்குள் சிலந்தி நூல் மாதிரியோ மெல்லிய புகை மாதிரியோ ஏதாவது படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பகல் படங்களில் அது தெரியாமல் போகலாம். இருட்டில் ஒரு விளக்கு ஃப்ரேமுக்குள் வந்தால் படம் முழுக்க வெளுத்துவிடும். அதே கடையில் ஒரு எல்இடி விளக்கை மூலையில் வைத்து முழுத் திறப்பில் ஒரு படம், இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரின் கண்ணில் ஃபோகஸ் வைத்து ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.